ஜிடிபியில் நினைவகத்தைப் பைட் பைட்டாகப் பார்ப்பது

ஜிடிபி என்பது சி போன்ற மொழி நிரல்களை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் கருவி. அதில் ‘பிரிண்ட்’ கட்டளை வேரியபிளின் மதிப்பை மட்டும் காட்டும். அந்த மதிப்பு நினைவகத்தில் எப்படிக் கிடக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ‘எக்ஸ்’ கட்டளைதான் வேண்டும்.

நிரலை ‘-ஜி -ஓ0’ (பிழைதேடும் தகவலைச் சேர், வேகப்படுத்தாதே) கொடுத்து கம்பைல் செய்யுங்கள். வேகப்படுத்தும் ‘-ஓ2’ கொடுத்தால் பல வேரியபிள்கள் செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டரோடு நின்றுவிடும், அவற்றுக்கு முகவரியே இருக்காது. நிரலை நிறுத்தும் பிரேக்பாயிண்டை, மதிப்பு ஏறும் வரிக்கு அடுத்த வரியில் வையுங்கள். நின்ற வரி இன்னும் ஓடியிருக்காது. அதே வரியில் வைத்தால் பழைய குப்பைதான் தெரியும்.

‘எக்ஸ்’ எழுதி, சாய்கோடு போட்டு, எத்தனை, எந்த வடிவம், எந்த அளவு என்று ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு முகவரி. அளவுக்கு பி என்றால் 1 பைட், எச் 2, டபிள்யூ 4, ஜி 8. வடிவத்துக்கு எக்ஸ் ஹெக்ஸ் (பதினாறடி எண்), டி தசமம், எஸ் சரம், ஐ இயந்திர ஆணை. வடிவத்தையோ அளவையோ விட்டால் பெரும்பாலும் கடைசியாகக் கொடுத்ததே தொடரும். அதனால் மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதிவிடுவது நல்லது.

‘கோட்’ என்ற இன்ட்டில் (4 பைட் முழு எண்) ஹெக்ஸ் 12345678 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எக்ஸ்/4எக்ஸ்பி &கோட்’ கொடுத்தால் 78 56 34 12 என்று வரும். பிழை இல்லை, எக்ஸ்86 செயலி எண்ணின் வலக்கோடி பைட்டை முதலில் வைக்கும். ‘எக்ஸ்/1எக்ஸ்டபிள்யூ &கோட்’ கொடுங்கள், எண் நேராக வரும்.

அதிகம் சறுக்குவது & குறியில்தான். வேரியபிளின் முகவரியைக் கேட்பது அந்தக் குறி. அதை விட்டால் ஜிடிபி 12345678-ஐயே முகவரியாக எடுத்துக்கொண்டு, அந்த நினைவகத்தை அணுக முடியவில்லை என்று சொல்லும். எழுத்துகள் இருக்கும் முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும் கேர் பாயின்டரில் நேர்மாறு: ‘எக்ஸ்/எஸ் பெயர்’ சரி; & சேர்த்தால் பாயின்டரின் சொந்த பைட்டுகளே சரமாக வந்து நிற்கும்.

இப்போது 8 எழுத்துக்கு இடமுள்ள கேர் அரேயில் ‘ஸ்டர்காப்பி’யால் 8 எழுத்தை நகலெடுத்த பிறகு, அரேயின் பெயருக்கு ‘எக்ஸ்/16எக்ஸ்பி’ கொடுங்கள். வரிக்கு 8 பைட் வரும். முதல் வரி முழுக்க எழுத்துகள். இரண்டாம் வரியின் முதல் பைட் 00. சரத்தை முடிக்கும் அந்தப் பூஜ்யம் அரேக்கு வெளியே போய் விழுந்துவிட்டது. அங்கே எந்த வேரியபிள் இருக்கிறது என்பது கம்பைலர் அடுக்கியதைப் பொறுத்தது. மேலும் பார்க்க எண்டர் தட்டினால் போதும், அடுத்த முகவரியிலிருந்து தொடரும்.

இப்படிக் கெட்டுப்போன வேரியபிளில் எழுதியது யார் என்று பிடிக்க, நிரலை மறுபடி ஓட்டி, நகலெடுக்கும் முன் ‘வாட்ச் -எல்’ போட்டு அதன் பெயரைக் கொடுங்கள். மதிப்பு மாறியதும் பழையதையும் புதியதையும் காட்டி நிரல் நிற்கும். அங்கே ‘பேக்டிரேஸ்’ அடித்தால் எந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்று தெரிந்துவிடும்.