கீசர் மக்கர் பண்ணுதா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மார்கழி பொறந்துட்டா கீசர் ரிப்பேர்காரரு போனையே எடுக்க மாட்டாரு. வெயில் காலம் பூரா சும்மா கெடந்த மெஷினை எல்லாரும் ஒரே வாரத்துல ஆன் பண்ணுவோம், அது மக்கர் பண்ணும், கெஞ்சிக் கூப்பிட்டு ஒருத்தர் வந்தா ரெண்டு தட்டு தட்டிட்டு "சார், டேங்க் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க"ம்பாரு. டேங்க் நெஜமாவே ஓட்டைன்னா வேற வழியில்ல, புதுசுதான். ஆனா காயில் (தண்ணியைச் சூடாக்கற கம்பி), தெர்மோஸ்டாட் (வெச்ச சூடு வந்ததும் கரண்டை நிறுத்தறது), கட்-அவுட், வால்வு, கேஸ்கெட் (கசியாம இருக்க மூடியில போடற ரப்பர்) இதுல எது போனாலும் தனித்தனியா மாத்திக்கலாம். அதனால எது போயிருக்குன்னு நாமளே ஓரளவு பாத்து வெச்சுக்கிட்டா நல்லது. நான் சொல்றதெல்லாம் சுவத்துல மாட்டுற 15 லிட்டர், 25 லிட்டர் கரண்ட் கீசருக்கு.

ஷாக் விஷயத்தை மட்டும் மொதல்ல சொல்லிடறேன். குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குதா? ஈரக் கையா இருக்கும்னு விட்டுடாதீங்க. பெரும்பாலும் காயில் மேல இருக்கற உறை விரிசல் விட்டு கரண்ட் தண்ணியில கசியும், அதோட எர்த்தும் சரியில்லாம இருக்கும், ரெண்டும் சேர்ந்தாத்தான் அது கை வரைக்கும் வரும். உடனே பாத்ரூமை விட்டு வெளிய வந்து, மெயின் போர்டுல கீசருக்குன்னு இருக்கற எம்சிபியை (ட்ரிப் ஸ்விட்ச்) இறக்கிடுங்க. ஸ்விட்சை மட்டும் அணைச்சா பத்தாது, ஏன்னா சில பழைய வயரிங்ல ஸ்விட்சை கரண்ட் வர்ற வயர்ல போடாம, திரும்பிப் போற நியூட்ரல் வயர்ல போட்டு வெச்சிருப்பாங்க, ஆஃப் பண்ணாலும் உள்ள கரண்ட் நிக்கும். வீட்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்தற ஸ்விட்ச்) இருந்தா, கசிவு அந்த அளவுக்குப் போனா அதுவே ட்ரிப் ஆகிடும். "சும்மா சும்மா விழுது"ன்னு அதைக் கழட்டிட்டு நேரா கனெக்ஷன் குடுக்கறவங்களைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

சரி, ஷாக் இல்ல, ஆனா தண்ணி சூடாகல. கீசர்ல இருக்கற லைட் எரியுதான்னு பாருங்க. எரியலன்னா எம்சிபி, அப்புறம் பிளக். 2000 வாட் காயில் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், அதுக்கு 16 ஆம்ப் சாக்கெட்தான் வேணும். எம்சிபியை இறக்கிட்டு பிளக்கை வெளிய இழுத்துப் பாருங்க, சாக்கெட் ஓட்டையைச் சுத்தி பழுப்பா இருந்தாலோ, பின் கருத்துப்போயி பிளாஸ்டிக் கருகின வாடை அடிச்சாலோ கீசர்ல ஒண்ணுமே இல்ல, லூஸ் கான்டாக்ட்தான், சாக்கெட்டும் பிளக்கும் மாத்தினா முடிஞ்சுது. இதுக்குப் போயி முழு கீசரையும் மாத்தினவங்க இருக்காங்க.

பிளக் நல்லாருக்கு, ஆனாலும் லைட் எரியலன்னா கட்-அவுட் விழுந்திருக்கலாம், சூடு எல்லை மீறினா கரண்டை நிறுத்தற சின்ன பார்ட் அது. நிறைய மாடல்ல கவரைக் கழட்டினா ஒரு குட்டி பட்டன் இருக்கும், எலக்ட்ரீஷியன் அதை அழுத்துவாரு, வேலை செய்யும். மறுபடி விழுந்தா பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கட் ஆகாம ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம், மாத்தணும். கட்-அவுட்டைத் தாண்டி வயரை ஜாயின்ட் அடிச்சுத் தரேன்னு சொல்றவரை அப்படியே வாசல் வரைக்கும் அனுப்பி வெச்சிடுங்க.

லைட் எரியுது, தண்ணி மட்டும் பச்சத்தண்ணின்னா பெரும்பாலும் காயில் அவுட். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிஞ்சவங்க கரண்டைத் துண்டிச்சு, காயில் வயரைக் கழட்டிட்டு பாத்தா 2000 வாட் காயில் 26 ஓம் சொச்சம் காட்டணும். ஒண்ணுமே காட்டலன்னா உள்ள அறுந்திருக்கு. காயில் பின்னுக்கும் பாடிக்கும் நடுவுல ஏதாவது ரீடிங் வந்தா கசிவு, மேல சொன்ன ஷாக் கேஸ்.

ஆனா நம்ம ஊர்ல நிறைய வீட்ல நடக்கறது இது எதுவுமே இல்ல, உப்பு. போர் தண்ணி ஓடற வீட்ல ஒரு வருஷம் கழிச்சு அடியில இருக்கற பிளேட்டைக் கழட்டிப் பாருங்க, காயிலே தெரியாது, வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கட்டி கட்டியா அப்பிக்கிட்டு இருக்கும், ஸ்க்ரூடிரைவரால தட்டினா தகடு தகடா பேந்து பக்கெட்ல விழும். இந்த உப்பு காயில் சூட்டைத் தண்ணிக்கு விடாது, பக்கத்துல இருக்கற தெர்மோஸ்டாட் சீக்கிரமே சூடாகி கட் பண்ணிடும், லைட் அணைஞ்சிடும், ஆனா தண்ணி வெதுவெதுன்னுதான் வரும். உள்ள பட் பட்னு சத்தம், அரை பக்கெட்லயே சுடுதண்ணி தீந்துபோறது, எல்லாம் இதோட அறிகுறிதான். அப்படியே விட்டா காயில் தன் சூட்லயே வெடிச்சுடும்.

ஒரு கணக்கு வெச்சுக்கோங்க, 2000 வாட் கீசர் 15 லிட்டரை 25 டிகிரியில இருந்து 60க்கு ஏத்த 20 நிமிஷம் வாக்குல ஆகும், 25 லிட்டருக்கு அரை மணி. ரொம்ப லேட்டானா காயிலைத் திட்டறதுக்கு முன்னாடி வோல்டேஜைப் பாருங்க, 180க்கு இறங்கிட்டா 2000 வாட் காயில் 1200 வாட் சொச்சம்தான் வேலை செய்யும்.

அடுத்து ஒழுகல். வர்றவங்க டேங்க் போச்சுன்னு சொல்றது இங்கதான். துணியால நல்லா துடைச்சுட்டு டார்ச் அடிச்சு எங்கேருந்து வருதுன்னு பாருங்க. பச்சத்தண்ணி உள்ள போற பக்கம் ஒரு வால்வு இருக்கும், சூடாகறப்ப மட்டும் அதுல சொட்டு சொட்டா ஒரு டம்ளர் அளவு வந்தா அது ரிப்பேரே இல்ல, சூட்ல தண்ணி விரியறதால அப்படித்தான் வரணும். அதை அடைச்சு வெக்கறது பாம் வெக்கறதுக்குச் சமம். கீசர் ஆஃப்ல இருக்கறப்பவும் விடாம ஒழுகினா வால்வுல அழுக்கு, இல்ல பிரஷர் பம்ப் வெச்ச வீடா இருந்தா பிரஷர் ஜாஸ்தி. பைப் நட்டுல கசிஞ்சா வாஷர், டெஃப்ளான் டேப் வேலை. அடி கவர்ல இருந்து வந்தா பெரும்பாலும் கேஸ்கெட். புது கேஸ்கெட் போட்டும் நிக்கல, துரு கலர்ல பாடி ஜாயின்ட்ல இருந்து வருதுன்னா டேங்க் போச்சு. வெல்டிங் வெச்சா தாங்காது, உள் பூச்சே பேந்துடும்.

சுடுதண்ணி மட்டும் பழுப்பா வந்தா உள்ள இருக்கற மெக்னீசியம் ராடு கரைஞ்சு தீந்திருக்கலாம். அது இருக்கற வரைக்கும் துரு அதைத்தான் தின்னும், தீந்ததும் டேங்க்ல கை வெக்கும். இதை மாத்தற காசு டேங்க் விலையோட பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா நாம கேக்காம யாரும் மாத்தறதில்ல, அதனால சர்வீஸ் பண்றப்ப கேட்டு மாத்துங்க. போர் தண்ணின்னா வருஷத்துக்கு ஒரு சர்வீஸ், சூட்டை 55லயே வெச்சுக்கோங்க, உப்பு கம்மியா படியும்.

சர்வீஸ் அன்னிக்கு சுடுதண்ணி குழாயைத் திறந்து விட்டா டேங்க் காலியாகாது, அந்தப் பைப் டேங்க்குக்குள்ள மேல வரைக்கும் போயிருக்கும், பச்சத்தண்ணி பக்கம் கழட்டித்தான் வடிக்கணும். திரும்ப மாட்டினதும், மேல் தொட்டி காலியாகி நெரஞ்ச அன்னிக்கும், சுடுதண்ணி குழாய்ல காத்து போயி தண்ணி சீரா வர்ற வரைக்கும் ஸ்விட்சைத் தொடாதீங்க. தண்ணியில்லாம போட்டா காயில் கொஞ்ச நேரத்துல காலி.

கஸ்டமர் கேர் நம்பரை நெட்ல தேடாதீங்க, போலி நம்பர் ஏகப்பட்டது சுத்துது, வாரண்டி கார்டுலயோ கீசர் மேல ஒட்டின ஸ்டிக்கர்லயோ இருக்கற நம்பருக்கே போடுங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்கிக்கோங்க. கார்டுல டேங்க் வாரண்டி தனியா, காயில் வாரண்டி தனியா போட்டிருப்பாங்க, டேங்க்குக்கு பெரும்பாலும் ஜாஸ்தி வருஷம் இருக்கும், அதைப் பாத்துட்டு அப்புறமா புதுசு வாங்கறதைப் பத்திப் பேசுங்க.