நிலையோடு வரும் கதவை மாட்டும்போது

கதவும் நிலையும் கீலோடு சேர்ந்தே வரும் ரெடிமேட் செட்டை மாட்டுவதில் முக்கால்வாசி வேலை கீல் பக்கத்து நிலைக்காலில்தான் இருக்கிறது. அதை முதலில் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்துங்கள். பூட்டுப் பக்கத்தை அப்புறம் கதவைப் பார்த்தே சரிசெய்யலாம்.

அதற்கு முன் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக இருந்தால், அந்தப் பக்கத்து நிலைக்காலின் அடியை அந்த அளவுக்கு அறுத்துவிடுங்கள்.

சுவருக்கும் நிலைக்கும் நடுவே ஒவ்வொரு கீலுக்குப் பின்னாலும் மர ஆப்பு வையுங்கள். ஒற்றை ஆப்பு நிலையை முறுக்கிவிடும். எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டிரண்டாகச் செருகினால் நிலை நேராக நிற்கும். கதவைச் சாத்திப் பார்த்தால் மேலேயும் இரண்டு பக்கமும் சுமார் 3 மி.மீ. இடைவெளி ஒரே சீராகத் தெரிய வேண்டும். பாதி திறந்து கையை எடுத்தால் கதவு அங்கேயே நிற்க வேண்டும். தானாக ஓடினால் நிலை சாய்ந்திருக்கிறது.

மேல் கீலில்தான் பாரம் அதிகம். அங்கே ஒரு ஸ்க்ரூவையாவது சுவர் வரை போகும் நீள ஸ்க்ரூவாகப் போடுங்கள், செங்கல் சுவரென்றால் பிளக்கோடு.

சுவருக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபோமால் அடைப்பதென்றால் கொஞ்சமாக அடியுங்கள். அது உப்பும்போது நிலையை உள்ளே தள்ளி, கதவு பிடிக்கும். ஃபோம் காயும்வரை இரண்டு நிலைக்கால்களுக்கும் குறுக்கே கட்டை கொடுத்து வையுங்கள்.