விண்டோஸ் 11-க்கு மாறும் முன் சி டிரைவில் இடம் உண்டாக்குவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் நிறைய பேர் 11-க்கு மாறப் பார்க்கிறார்கள், பார்த்தால் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் இடம் போதவில்லை என்று செய்தி வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் பதறிப்போய் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்காதீர்கள். எதை முதலில் அழிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரிந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலைதான் இது.

எவ்வளவு இடம் வேண்டும்? விண்டோஸ் 11-க்கு மொத்த டிஸ்க் அளவு குறைந்தது 64 ஜிபி இருக்க வேண்டும். காலி இடம் என்று கேட்டால் 30 ஜிபியாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இவ்வளவு எதற்கு என்றால், புது விண்டோஸ் இறங்க வேண்டும், விரிய வேண்டும், அதே சமயம் பழைய விண்டோஸும் அழியாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளைக்கு ஒரே டிஸ்க்கில் இரண்டு விண்டோஸ் குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். (128 ஜிபி என்று சொல்லித்தானே விற்றார்கள், 119 தானே காட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு: யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.)

முதல் வேலை: பேக்கப்

எதையும் அழிக்கும் முன் போட்டோ, சான்றிதழ், வேலை சம்பந்தப்பட்ட ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். எடுத்த பிறகு அதில் நாலு ஃபைலைத் திறந்தும் பாருங்கள், காப்பி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதும் ஆகியிருப்பதும் வேறு வேறு. டி டிரைவில் போட்டுவைத்திருக்கிறேன் என்றால் அது பேக்கப் ஆகாது. பெரும்பாலான லேப்டாப்பில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகள், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் சி-யில் இடம் உண்டாக்க டி-க்கு ஃபைல்களை நகர்த்துவது நல்ல வழிதான்.

இரண்டாவது: இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு எந்த வகை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதில் பெரிய எண் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். புதிதாகச் செய்பவர்கள் சின்னச் சின்ன ஃபைலாகத் தேடி அழித்துக் களைத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நூறு வேர்ட் ஃபைலை அழித்தாலும் ஒரு சினிமா ஃபைலுக்கு ஈடாகாது.

அடுத்து டவுன்லோட்ஸ் ஃபோல்டர். வியூவில் டீடெயில்ஸ் என்று மாற்றி, சைஸ் என்ற தலைப்பில் கிளிக் செய்தால் பெரியவை மேலே வரும். உறவுக்காரர் ஒருவரின் லேப்டாப்பில் இப்படித் திறந்தபோது, ஒரே சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்டு நாலு முறை இருந்தது, அதற்குக் கீழே எப்போதோ பார்த்து முடித்த ஆன்லைன் வகுப்பு வீடியோக்கள் முப்பதுக்கு மேல். அந்த ஒரு ஃபோல்டரிலேயே எங்களுக்கு வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. அழித்த பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ய மறக்காதீர்கள், அதுவரை ஒரு எம்பி கூடத் திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது: டெம்பரரி ஃபைல்ஸ்

அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று ஒரு வரி இருக்கும். உள்ளே போனால் விண்டோஸ் அப்டேட் கிளீனப், தம்ப்நெயில்ஸ், பழைய எரர் ரிப்போர்ட் என்று பட்டியல் வரும், இவற்றை தைரியமாக டிக் செய்யலாம். ஆனால் அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் அந்த ஃபோல்டரில் நீங்கள் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும். ஒருமுறை அவசரத்தில் எல்லாப் பெட்டியையும் டிக் செய்து, தங்கை அங்கே வைத்திருந்த புராஜெக்ட் ஃபைல்களை நான் அழித்துவிட்டேன், அவள் இரண்டு இரவு உட்கார்ந்து அதைத் திரும்பத் தட்டச்சு செய்தாள். அந்த ஒரு பெட்டியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை பாருங்கள்.

ஆப்களைப் பொறுத்தவரை, செட்டிங்ஸில் ஆப்ஸ் பக்கம் போய் அளவு வாரியாக வரிசைப்படுத்தி, விளையாடாத கேம்களையும் பயன்படுத்தாதவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நேராகப் போய் டெலிட் பண்ண வேண்டாம்.

ஒன்டிரைவ் (ஃபைல்களை இணையத்தில், அதாவது கிளவுடில், சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். கிளவுடில்தான் இருக்கிறதே என்று லேப்டாப்பில் டெலிட் செய்தால் கிளவுடிலிருந்தும் அது போய்விடும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஃபைல் கிளவுடில் அப்படியே இருக்கும், லேப்டாப்பில் இடம் மட்டும் விடுபடும்.

தொடக் கூடாதவை

விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் எதையும் கையால் அழிக்காதீர்கள். ஸ்டோரேஜ் பக்கத்தில் சிஸ்டம் என்ற பிரிவில் ஹைபர்னேஷன் ஃபைல், விர்ச்சுவல் மெமரி என்று சில ஜிபி காட்டும், அதையும் அப்படியே விட்டுவிடுங்கள். பெயர் புரியவில்லை என்பது அழிக்கக் காரணம் ஆகாது.

இவ்வளவும் செய்தும் இடம் போதவில்லையா? அப்டேட் நடக்கும்போது வெளி டிரைவ் ஒன்றைச் செருகச் சொல்லி விண்டோஸே கேட்கலாம், குறைந்தது 10 ஜிபி காலியாக உள்ள பென் டிரைவ் ஒன்றைத் தயாராக வையுங்கள். வேலை முடியும் வரை அதைக் கழற்றக் கூடாது.

சரி, அப்கிரேட் முடிந்துவிட்டது, அப்புறம் பார்த்தால் இடம் முன்பைவிடக் குறைந்திருக்கும். பழைய விண்டோஸ் இன்னும் உள்ளே இருப்பதுதான் காரணம். 10 நாளைக்குள் பழையதற்குத் திரும்பிப் போக அது வேண்டும், அதன் பிறகு தானாகவே அழிந்துவிடும். பிரிண்டர், வைஃபை, நீங்கள் தினமும் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று அந்த நாட்களில் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி, ஆனால் இடம் உடனே வேண்டும் என்றால் மட்டும் டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் என்ற பெட்டியை டிக் செய்து நீக்குங்கள்.