சீட்டுப் பணம் போன வீட்டில் பிள்ளையிடம் பேசுவது எப்படி?

என் அண்ணன் தெருவில் நடத்திவந்த தீபாவளிச் சீட்டு, பண்டிகைக்கு 2 வாரம் இருக்கையில் கைவிரிக்கப்பட்டது. மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதமும் தவறாமல் கட்டியிருந்த பெண்கள் வாசலுக்கு வந்தபோது, கதவைத் திறந்தவள் அவருடைய 9 வயது மகள். "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லும்படி உள்ளேயிருந்து அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவளும் அப்படியே சொன்னாள். ஆனால் அப்பாவின் செருப்பு படியோரத்தில் கிடந்தது. அதை வந்தவர்களும் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். அன்று மாலை அவள் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள்.

இப்படியொரு நிலை உங்கள் வீட்டில் வந்தால், வேறெதற்கும் முன்பாகப் பிள்ளையை வாசலிலிருந்து விடுவியுங்கள். அப்பா தவறு செய்தார் என்று தெரியவருவது ஒரு வலி; அந்தத் தவறை மறைக்கத் தானும் பொய் சொன்னோம் என்பது அதைவிட ஆழமாக இறங்கும் வலி. கதவு தட்டப்பட்டாலும் தொலைபேசி ஒலித்தாலும் பெரியவர் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வார்த்தை இல்லையென்றாலும் எழுந்து போய் நிற்க வேண்டும்.

அடுத்தது, தெரு சொல்வதற்கு முன்னால் வீடு சொல்லிவிட வேண்டும். தவறு செய்தவர் வீட்டில் இருந்தால் அவரே சொல்வதுதான் முறை. அம்மாவோ அத்தையோ அவருக்காகப் பேசத் தொடங்கினால் பிள்ளைக்கு அவர் இன்னும் ஒளிந்துகொண்டிருப்பதாகவே படும். நீண்ட விளக்கம் தேவையில்லை. "மத்தவங்க குடுத்த பணத்தை நான் எடுத்துச் செலவு பண்ணிட்டேன். அது தப்பு. உன்னைப் பொய் சொல்ல வச்சதும் என் தப்புதான், உன் தப்பு இல்ல" என்ற அளவு போதும். "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று பேச்சை அடைப்பதும், "நாளைக்கே எல்லாம் சரியாயிடும்" என்று நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுப்பதும் இரண்டாவது ஏமாற்றாகிவிடும்.

வயதுக்கு ஏற்பக் கேள்வியும் மாறும். உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில், தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த சிறுவனையும், கூடாத காரியம் செய்யப்போய் ஒரு கோப்பையை உடைத்த சிறுவனையும் குழந்தைகளிடம் கதையாகச் சொல்லி, யார் செய்தது பெரிய தவறு என்று கேட்டார். சிறியவர்களில் பலர் 15 கோப்பைகளையே பெரிய தவறாகக் கருதினார்கள். வளர்ந்தவர்கள் எண்ணத்தைப் பார்த்தார்கள். அதனால்தான் சிறு பிள்ளை "எவ்வளவு பணம்?" என்று கேட்கும், பெரிய பிள்ளை "தெரிஞ்சே செஞ்சீங்களா?" என்று கேட்கும். கேட்ட கேள்விக்கு மட்டும், உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

பிள்ளையை நீதிபதியாகவோ சாட்சியாகவோ ஆக்க வேண்டாம். கோபத்தில் இருக்கும் அம்மா "உங்க அப்பா லட்சணத்தைப் பார்த்தியா" என்று சொல்வது இயல்புதான் என்றாலும், அப்பாவின் மீது அன்பு வைத்திருப்பதே குற்றம் என்று பிள்ளை அப்போது முடிவு செய்துவிடும். சீட்டு நடத்தப் பதிவும் அரசின் முன் அனுமதியும் வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டம். நோட்டில் எழுதி நடத்திய சீட்டு காவல் நிலையம்வரை போகக்கூடும். அவர் சிறைக்குப் போக நேர்ந்தால் சிறை என்றே சொல்லுங்கள், வெளியூர் வேலை என்று சொல்லாதீர்கள்.

பள்ளிக்கூடம்தான் கடினமான இடம். என் அண்ணன் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் சிறுமியின் அம்மாவும் சீட்டுக் கட்டியவர்; அந்தச் சிறுமி மறுநாளே இடம் மாறி உட்கார்ந்தாள். வகுப்பு ஆசிரியரிடம் சுருக்கமாகச் சொல்லிவையுங்கள். "அது பெரியவங்க விஷயம், அவங்க பேசிக்கிட்டிருக்காங்க" என்று பிள்ளை சொல்லத்தக்க ஒரு வாக்கியத்தைப் பழக்கிக்கொடுங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும்.

திருப்பிக் கொடுக்கும் வேலை பிள்ளையின் கண்ணெதிரே நடக்கட்டும். அண்ணன் வண்டியை விற்று, சீட்டு நோட்டை எடுத்து, கொடுத்து முடித்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் மகள் தன் மண் உண்டியலைக் கொண்டுவந்து நோட்டின் மீது வைத்தாள். அதை வாங்கக் கூடாது. மனம் நெகிழ்ந்தாலும், பணம் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வாங்கக் கூடாது. "இது நீ கட்ட வேண்டிய கடன் இல்லம்மா" என்று சொல்லி உண்டியலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தூக்கம் கெடுவது, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்காக 2022இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒரு முறை பேசியதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என் அண்ணன் மகள் 13 வயதில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, தெரிஞ்சேதானே செஞ்சீங்க?" என்று கேட்டாள். அண்ணன் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார் என்று நான் பயந்தேன். "தெரிஞ்சேதாம்மா" என்றார். சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னும் யாருக்குத் தரணும்?" என்றாள். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து அவளிடம் காட்டினார்.