மிருதங்கத்தில் தொடங்கி ஐந்து அலமாரிகள்: அபுனைவு நூல்களைத் தேடிப் படிக்கும் முறை

மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கறுப்பாக அப்பியிருக்கும் கரணை எதற்காக என்று, ஒரு கச்சேரி முடிந்து வெளியே வரும்போது என் மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் நூலகத்திற்குச் சென்று, ‘இசை’ என்று எழுதியிருந்த அலமாரியின் முன் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். நான் தேடிய விடை அந்த அலமாரியிலேயே இல்லை என்பது புரிய மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். உறுப்பினர் ஆவது, நூலை இரவல் பெறுவது போன்றவற்றை நூலகரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை, கேள்வியை ஒரு முழு வாக்கியமாக எழுதிக்கொள்வது. “இசையைப் பற்றிப் படிக்க வேண்டும்” என்ற எண்ணத்தோடு போனால் எல்லா நூல்களும் ஒன்றுபோலவே தோன்றும். “தோலால் மூடிய ஒரு கருவி எப்படிச் சுருதி சேர்கிறது?” என்று எழுதிப் பாருங்கள். அதற்குள் தோல் இருக்கிறது, ஓசை இருக்கிறது, அதைக் கேட்கும் செவி இருக்கிறது, தோலைப் பதப்படுத்திக் கருவியைக் கட்டிய மனிதரும் இருக்கிறார்.

அடுத்து, இவை ஒவ்வொன்றுக்கும் உரிய பகுப்பெண்ணை, அதாவது துறைவாரியாக நூல்களுக்கு இடும் எண்ணை, கண்டுபிடிக்க வேண்டும். மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, அறிவுத்துறைகள் அனைத்தையும் 000 முதல் 900 வரை பத்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. என் கேள்விக்குரிய நூல்கள் அந்த முறையில் ஐந்து இடங்களில் சிதறிக் கிடந்தன. மேளம், முரசு போன்ற கருவிகள் 786.9-இலும், ஓசையின் இயற்பியல் 534-இலும், செவி வேலை செய்யும் விதம் 612.85-இலும், தோல் பதனிடும் தொழில் 675-இலும், சாதி உள்ளிட்ட சமூக அடுக்குகள் 305.5-இலும் இருந்தன. நூலகக் கணினியில் ஒரு சொல்லைத் தேடி, வரும் முதல் நான்கைந்து நூல்களின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். தலைப்புகளை அப்போதே ஆராய்ந்து பொழுதைக் கழிக்க வேண்டாம்.

இனி, நான் இடறி விழுந்த இடம். 612.85-ஐத் தேடியபோது 612.9-ஐத் தாண்டிப் போய்த் தேடினேன், ஏனென்றால் ஒன்பதைவிட எண்பத்தைந்து பெரியது என்று என் மனம் கணக்குப் போட்டது. புள்ளிக்குப் பின் வருவது முழு எண்ணாகாது; அதை ஒவ்வோர் இலக்கமாக, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஆகவே மூளையைப் பற்றிய 612.825 முதலிலும், செவியைப் பற்றிய 612.85 அதன் பின்னும், 612.9 அதற்கும் பின்னும் வரும். குழப்பமாக இருந்தால் புள்ளிக்குப் பின் பூஜ்யங்களைச் சேர்த்து எல்லாவற்றையும் மூன்று இலக்கமாக்கிக்கொள்ளுங்கள்: 825, 850, 900. பள்ளிக்கூடத்தில் தசமம் படித்தவர்தாம் நாம் எல்லோரும். இருந்தும் அலமாரியின் முன் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

எண்ணைக் கண்டுபிடித்ததும், குறித்து வந்த நூலை எடுப்பதற்கு முன் அதன் இருபுறமும் உள்ள பத்துப் பத்து நூல்களைப் பாருங்கள். 534-இல் அப்படிப் பார்த்தபோதுதான் சி. வி. ராமனின் பெயர் என் கண்ணில் பட்டது. வட்டமான சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படை ஓசையோடு சேர்ந்து எழும் மேலோசைகளின் அதிர்வெண்கள் அந்த அடிப்படை ஓசையின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கற்று அமையும். அதனால்தான் பல மேளங்களில் திட்டமான சுருதி கேட்பதில்லை. கரணையின் எடை தோலின் நடுப்பகுதியில் ஏறும்போது அந்த மேலோசைகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற முழு எண் விகிதங்களுக்கு இழுபட்டு வருகின்றன. இதை ராமன் ஆராய்ந்து விளக்கிய கட்டுரை 1934-இல் வெளிவந்தது. இசை அலமாரியில் நான் புரட்டிய எந்த நூலும் இதைச் சொல்லவில்லை.

எடுத்த நூலை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று முடிவு செய்ய இருபது நிமிடம் போதும். முன்னுரையைப் படித்து, பதிப்பு ஆண்டைப் பார்த்து, பின்பக்கச் சொல்லடைவில் உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியைத் தேடி, அதை ஆசிரியர் சரியாகச் சொல்லியிருக்கிறாரா என்று சோதியுங்கள். துணைநூற்பட்டியலே அடுத்த அலமாரிக்கு வழிகாட்டும். சொல்லடைவு இல்லாத ஆங்கில அறிவியல் நூலை நான் திருப்பி வைத்துவிடுவேன். தமிழ் நூல்களில் அந்த வழக்கம் குறைவு என்பதால் அவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன். குறிப்பெடுக்கக் கைப்பேசியில் படம் பிடிப்பதைவிடப் பென்சிலும் சிறிய அட்டைகளும் எனக்கு உகந்தவை, ஏனெனில் எடுத்த படங்களை நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு நூலகம் சென்ற இருவர் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒருவர் சென்ற நூலகத்தில் தமிழ் நூல்கள் தனி மாடியில் இருந்தன. அப்படியானால் அதே எண்ணை இரண்டு இடங்களிலும் தேட வேண்டும். மற்றொருவர் நூல்களின் முதுகில் எண்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளைக் கண்டு திகைத்திருக்கிறார். அது சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. அதில் இயற்பியலுக்கு ‘சி’ என்றும் இசைக்கு ‘என்ஆர்’ என்றும் குறியீடு. கூறுகளை முற்றுப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் பிரித்து எழுதுவதால் நீளமான குறியீடு முதலில் மிரட்டும். அத்தகைய நூலகத்தில் பகுப்பு அட்டவணையை நூலகரிடம் கேட்டு வாங்கி, முதல் எழுத்தை மட்டும் பொருத்திப் பார்த்து அலமாரிக்குப் போய்விடுங்கள்; மீதியை நூல்களின் முதுகுகளைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம்.