புதுப்பிப்புக்குப் பின் வரும் கட்டாய மறுதொடக்கத்தைச் சமாளிப்பது எப்படி

விண்டோஸ் கணினியில் புதுப்பிப்புகளுக்குப் பின் வரும் மறுதொடக்கத்தை அடியோடு நிறுத்திவிட வழி தேடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள். 'விண்டோஸ் அப்டேட்' சேவையை முடக்கினால், அதைப் பழுதுபார்ப்பதற்கென்றே உள்ள இன்னொரு சேவை அதை மீண்டும் எழுப்பிவிடுகிறது. குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓடவிடும் 'டாஸ்க் ஷெட்யூலரில்' மறுதொடக்கத்துக்கான பணியைத் தேடி அழித்தாலும், அடுத்த புதுப்பிப்போடு அது திரும்ப முளைத்துவிடுகிறது. இத்தகைய குறுக்கு வழிகளில் செலவாகும் நேரத்தில் பாதியைச் செலவிட்டாலே, மறுதொடக்கம் எப்போது நடக்க வேண்டும் என்பதை நாம் குறிக்கலாம். அது எதிர்பாராமல் நடந்தாலும் வேலை அழியாதபடி பார்த்துக்கொள்ளலாம்.

கணினி ஏன் மறுதொடக்கம் கேட்கிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். பயன்பாட்டில் இருக்கும் கோப்பின் மேல் புதிய கோப்பை எழுத விண்டோஸ் பொதுவாக அனுமதிப்பதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியும், வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களும் கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரை பயன்பாட்டிலேயே இருப்பவை. ஆகவே புதிய கோப்புகள் ஓர் ஓரத்தில் காத்திருந்து, அடுத்த முறை கணினி எழும்போது, பழையவை நினைவகத்தில் ஏறுவதற்கு முன்பாக அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அதுவரை திருத்தம் வட்டில் இருக்கிறதே தவிர, நடைமுறைக்கு வரவில்லை. இந்த இடைவெளி ஆபத்தானது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீம்பொருள் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. எனவே புதுப்பிப்பு வேண்டாம் என்பது சரியான நிலைப்பாடு அன்று. ஆனால் நேரத்தைக் கேட்காமலே கணினியை மூடிவிடுவதும் முறையன்று. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி 2016 ஆகஸ்டில்தான் வந்தது. வீட்டுப் பயனர்களுக்கான ஹோம் பதிப்பில் புதுப்பிப்புகளைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கும் வசதி கிடைக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயனர்களின் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பதற்கு இந்த வரிசையே போதும்.

உண்மையில் புதுப்பிப்புதான் காரணமா?

அமைப்புகளை மாற்றுவதற்கு முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மின்வெட்டு, சூடேற்றம், பழுதான மின்வழங்கி ஆகியவற்றாலும் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும். பழி மட்டும் புதுப்பிப்பின் மேல் விழும். தொடக்கப் பட்டியில் 'ஈவன்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழுள்ள 'சிஸ்டம்' பதிவேட்டுக்குச் சென்று, 1074 என்ற எண்ணுள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்த நிரல், எந்த நேரத்தில், என்ன காரணம் சொல்லி மறுதொடக்கத்தைக் கேட்டது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் 1074 இல்லாமல் 41 என்ற எண் மட்டும் இருந்தால், கணினி முறைப்படி மூடப்படவில்லை என்று பொருள். அதற்கான மருந்து இந்தக் கட்டுரையில் இல்லை.

வேலை நேரத்தைக் குறிப்பது

விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'விண்டோஸ் அப்டேட்', அதனுள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே குறிக்கப்படும் நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் செய்வதைத் தவிர்க்கும். உங்கள் பழக்கத்தைப் பார்த்துக் கணினியே நேரத்தைக் கணிக்கும் தெரிவும் உண்டு. ஒரே சீரான நேரத்தில் வேலை செய்பவருக்கு அது போதும். ஒரு நாள் காலையிலும் மறுநாள் நள்ளிரவிலும் உட்காருகிறவர் அதை நம்பாமல், 'மேனுவலி' என்பதைத் தேர்ந்து தானே குறிப்பது நல்லது.

குறிக்கும்போது கவனிக்க வேண்டியது, இந்த நேரம் அதிகபட்சம் 18 மணி நேரம்தான் இருக்க முடியும் என்பது. ஆகவே எப்போது வேலை செய்கிறோம் என்று யோசிப்பதைவிட, எந்த 6 மணி நேரத்தைக் கணினிக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று யோசிப்பதே எளிது. இரவு 12 மணி வரை விழித்திருப்பவர் காலை 7 முதல் இரவு 1 வரை எனக் குறித்துவிட்டால், கணினிக்கு 1 மணி முதல் 7 மணி வரை மிஞ்சுகிறது. இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டு வேலை வாங்குபவருக்கு இந்த ஏற்பாடு உதவாது. அவருக்கான வழி பின்னால் வருகிறது.

அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் இன்னும் சில பொத்தான்கள் உள்ளன. 'கெட் மீ அப் டு டேட்' என்பது, வேலை நேரத்தையும் பொருட்படுத்தாமல் கூடிய விரைவில் மறுதொடக்கம் செய்யச் சொல்வது. அதை அணைத்தே வையுங்கள். மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிப்புத் தரும் பொத்தானை இயக்குங்கள். இது அணைந்திருந்தால், பின்னணியில் நிறுவப்பட்ட புதுப்பிப்பு நாட்கணக்கில் காத்திருப்பதே தெரியாமல் போகலாம். எச்சரிக்கையின்றி மூடிவிட்டது என்ற குறையில் ஒரு பங்கு இதனால் வருவது. ஒரு படி பின்னால் வந்து 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில், புதிய புதுப்பிப்புகள் வந்தவுடன் முந்திக்கொண்டு பெறுவதற்கான பொத்தான் இருக்கும். அது இயங்கினால் மாத இறுதியில் வரும் முன்னோட்டப் புதுப்பிப்புகளும் தாமாக இறங்கும். அவற்றுக்கும் ஒரு மறுதொடக்கம் செலவாகும். பாதுகாப்புத் திருத்தங்கள் இது இல்லாமலே வரும் என்பதால் தயங்காமல் அணைக்கலாம்.

மடிக்கணினியை மூடித் தூங்கவைத்த பிறகும் நள்ளிரவில் விசிறிச் சத்தம் கேட்பதாகச் சிலர் சொல்வதுண்டு. அது பிரமை அன்று. பராமரிப்புக்காகக் கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பும் 'வேக் டைமர்' என்ற ஏற்பாடு இருக்கிறது. பழைய 'கன்ட்ரோல் பேனலில்' 'பவர் ஆப்ஷன்ஸ்' சென்று, திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில் 'ஸ்லீப்' என்பதன் கீழ் 'அலவ் வேக் டைமர்ஸ்' என்பதை 'டிஸேபிள்' ஆக்கினால் அது அடங்கும். 'இம்பார்ட்டன்ட் வேக் டைமர்ஸ் ஒன்லி' என்ற நடுத்தெரிவு, பெயர் பவ்யமாக இருந்தாலும், புதுப்பிப்புக்கான மறுதொடக்கத்தை முக்கியமானதாகவே எண்ணுகிறது. சில புதிய மடிக்கணினிகளில் இந்த வரியே காணப்படாது; அவற்றைத் தூங்கவைப்பதைவிட வேலையைச் சேமித்து முழுமையாக அணைப்பதே பாதுகாப்பு.

இரவு முழுவதும் ஓடும் வேலைகளுக்கு

காணொளி ஏற்றுமதி, முப்பரிமாணக் காட்சி உருவாக்கம், பெரிய தரவுக் கணக்கீடு போன்றவற்றைத் தொடங்கும் முன் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 11-இல் 1 வாரம் முதல் 5 வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். கெடு முடிந்ததும் நிலுவையிலுள்ளவற்றை நிறுவிய பிறகே மறுபடி நிறுத்திவைக்க முடியும் என்பதால், இதை நிரந்தரப் பூட்டாகக் கருதக் கூடாது. தேவையில்லாத வாரங்களில் வீணாக்கவும் கூடாது. இன்னொன்று, நிறுத்திவைப்பது இனி வரப்போகும் புதுப்பிப்புகளுக்கே ஏற்றது. ஏற்கெனவே நிறுவப்பட்டு மறுதொடக்கத்துக்காகக் காத்திருக்கும் கணினியில் நீண்ட வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் மறுதொடக்கத்தை முடித்துவிட்டு, பிறகு நிறுத்திவைத்து, அதன் பிறகு வேலையை ஓடவிடுவதே சரியான வரிசை. கணினியைத் தூங்கவிடாமல் விழித்திருக்கச் செய்யும் சிறு நிரல்கள் இதற்கு மாற்று அல்ல. அவை உறக்கத்தைத் தடுக்கின்றனவே தவிர மறுதொடக்கத்தைத் தடுப்பதில்லை.

உங்களிடம் இருப்பது புரோ பதிப்பு என்றால் வலுவான வழி ஒன்று உண்டு. கணினியின் நடத்தை விதிகளை (கொள்கைகளை) மாற்றும் கருவியை 'எடிட் குரூப் பாலிசி' என்று தேடித் திறந்து, 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', 'விண்டோஸ் காம்போனன்ட்ஸ்', 'விண்டோஸ் அப்டேட்' என்று இறங்கினால், பயனர் உள்நுழைந்திருக்கும்போது தானாக மறுதொடக்கம் செய்யாதே என்று பொருள்படும், 'நோ ஆட்டோ ரீஸ்டார்ட்' எனத் தொடங்கும் கொள்கை இருக்கும். விண்டோஸ் 11-இல் அது 'லெகசி பாலிசீஸ்' என்ற உட்பிரிவில் இருக்கிறது. இதை மட்டும் இயக்கிவிட்டு, பலன் இல்லை என்று பலர் கைவிடுகிறார்கள். 'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' என்ற மற்றொரு கொள்கையையும் இயக்கி, அதில் 4-ஆம் தெரிவை, அதாவது தானாக இறக்கிக் குறித்த நேரத்தில் நிறுவும் தெரிவை, வைத்தால்தான் முதல் கொள்கைக்கு உயிர் வரும். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது. நிறுவனம் நிர்வகிக்கும் கணினியிலோ இவை எதுவும் உங்கள் கையில் இல்லை. நிர்வாகி வைத்த கெடு எல்லாவற்றையும் மீறும் என்பதால், நீண்ட வேலை இருக்கும் நாளை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதே வழி.

எந்த ஏற்பாடும் ஒரு நாள் தவறும் என்ற எண்ணத்தோடு வேலையை அமைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. முப்பரிமாணக் காட்சியை ஒரே காணொளிக் கோப்பாக உருவாக்கினால், பாதியில் நின்றால் முழுவதும் வீண். படங்களின் தொடராக உருவாக்கினால், நின்ற படத்திலிருந்து தொடரலாம். சொந்தமாக நிரல் எழுதிக் கணக்கிடுபவர் இடைநிலை முடிவுகளை அவ்வப்போது வட்டில் எழுதிவைத்து, தொடங்கும்போது முதலில் அதைத் தேடும்படி நிரலை அமைக்க வேண்டும். வேர்டு தன் மீட்புப் பிரதியை இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதுகிறது. அதை 2 நிமிடமாகக் குறைக்க அதன் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'சேவ்' என்பதற்குள் செல்லுங்கள். பெயரே இடாத புதிய ஆவணம்தான் அதிகம் தொலைவது. ஆகவே முதல் வரியை எழுதுவதற்கு முன்பே பெயரிட்டுச் சேமித்துவிடுவது நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம்.

உலாவியைப் பொறுத்தவரை, குரோமின் அமைப்புகளில் 'ஆன் ஸ்டார்ட்டப்' என்பதன் கீழ் விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவைத் தேர்ந்தால் தாவல்கள் திரும்பும். ஆனால் இணையப் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருந்தது திரும்பும் என்று எண்ண வேண்டாம்; நீளமான எதையும் வேறொரு கோப்பில் எழுதி ஒட்டுவதே மேல். மறுதொடக்கத்துக்குப் பின் சில செயலிகளைத் தாமாகத் திறக்கவைக்கும் பொத்தான் 'அக்கவுன்ட்ஸ்' பிரிவில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் உள்ளது. எல்லாச் செயலிகளும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. இருந்தாலும் இயக்கிவைப்பதில் நட்டமில்லை.

மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று சென்று தானியங்கி நிறுவலை அணைத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்களுக்கான பொத்தானை மட்டும் விட்டுவைக்கலாம். உபுண்டு லினக்ஸ் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவினாலும், இயல்புநிலையில் தானாக மறுதொடக்கம் செய்வதில்லை. தேவை என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அங்கே சிக்கல் நேர்மாறானது. மறுதொடக்கம் செய்யப்படாமல், மாதக்கணக்கில் இயங்குதளத்தின் பழைய மையப் பகுதியோடு ஓடும் கணினிகள் ஏராளம்.

மாதம் ஒருமுறை நாமே முந்திக்கொள்வது

மைக்ரோசாஃப்ட் தன் முக்கியப் பாதுகாப்புத் திருத்தங்களை 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி அது காலை 10 மணி. கிழக்கத்திய நாடுகளில் அப்போது இரவாகவோ புதன்கிழமையாகவோ இருக்கும். நாட்காட்டியில் அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு மாலையைக் குறித்துக்கொண்டு, வேலைகளை மூடி, நாமே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தி, நிறுவி, மறுதொடக்கம் செய்துவிட்டால், அந்த மாதத்துக்கான பெரிய மறுதொடக்கம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். வந்த அன்றே நிறுவாமல் இரண்டு நாள் பொறுப்பதற்கும் காரணம் உண்டு. புதுப்பிப்பிலேயே பிழை இருந்தால் அது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில் வெளிப்பட்டுவிடும்.

அந்த மாலையில் 'அப்டேட் அண்டு ஷட் டவுன்' என்பதைவிட 'அப்டேட் அண்டு ரீஸ்டார்ட்' என்பதையே தேர்ந்தெடுங்கள். அணைத்துவிட்டுப் போனால் நிறுவலின் மீதிப் பகுதி மறுநாள் காலை, கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, நடக்கக்கூடும். திரையில் சதவீதம் ஒரே எண்ணில் நெடுநேரம் நின்றாலும் பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள். வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. கணினி எழுந்து உள்நுழைந்த பிறகு 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். டிரைவர் ஏதேனும் தனியாகக் காத்திருந்தால், இரண்டாவது மறுதொடக்கத்தையும் அப்போதே முடித்துவிடலாம்.