வளைகுடாவில் வாங்கி விற்றது போதும், செய்து விற்கலாம் என்பவர்களுக்கு

துபாயிலோ ஷார்ஜாவிலோ பத்து வருஷம் டிரேடிங் கம்பெனியில் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்தே தீரும். சீனாவிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கும் இந்தச் சாமானை இங்கேயே செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் லைசென்ஸில் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், ஆபீஸும் பெயர்ப் பலகையும் வந்த பிறகுதான் எதைச் செய்வது என்று யோசிக்கிறார்கள்.

முதலில் பொருள். போன், லேப்டாப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், சீனாவின் எலெக்ட்ரானிக்ஸ் நகரமான ஷென்ஜென்னோடு விலையில் மோதி ஜெயிக்க முடியாது. இந்த ஊரின் வெயில், தூசி, உப்புக்காற்று, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இரைந்துகொண்டிருக்கும் சில்லர்கள் (கட்டடம் முழுவதையும் குளிரூட்டும் இயந்திரங்கள்), இவற்றைச் சுற்றித்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது. குளிர்நாட்டில் உட்கார்ந்து டிசைன் செய்தவருக்கு அந்தப் பெட்டி இங்கே ஆகஸ்டில் படும் பாடு தெரியாது.

எங்களுக்கும்தான் தெரியவில்லை. சில்லரின் அழுத்தத்தையும் மின்சாரத்தையும் அளந்து அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தோம். தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி, மூடிக்கு ரப்பர் கேஸ்கெட், எல்லாம் சரியாகத்தான் போட்டோம். மூன்றே வாரத்தில் சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு. பகல் வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து எப்படியோ வெளியேறுகிறது, ராத்திரி குளிர்ந்ததும் கேபிள் நுழையும் இடுக்கு வழியாக ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது, அப்புறம் அந்த ஈரம் போக வழியில்லை. நாங்களோ இன்னும் சிலிகோன் பூசி இன்னும் இறுக்கினோம், இன்னும் மோசமானது. கடைசியில் காற்றை மட்டும் போய்வர விடும் சவ்வு வைத்த வென்ட் பிளக் ஒன்று, போர்டுக்கு ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு (கன்ஃபார்மல் கோட்டிங்), பெட்டிக்கு மேலே நிழலுக்கு ஒரு தகரம். அவ்வளவுதான். பவர்பாயின்டில் இன்னோவேஷன் என்று பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சங்கதியைத்தான்.

பெரிய அளவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஜெபல் அலியில் 1979இல் அலுமினியம் உருக்க ஆரம்பித்த ஆலை, இன்று எமிரேட்ஸ் குளோபல் அலுமினியம். அதன் ஆட்கள் வருஷக்கணக்காகத் அலுமினியம் உருக்கும் தங்கள் கலங்களையே திருத்தித் திருத்தி, 2016இல் அந்தத் தொழில்நுட்பத்தையே பஹ்ரைனின் அல்பாவுக்கு உரிமம் கொடுத்து விற்றார்கள். அல்பா 1971இலிருந்து ஓடும் ஆலை, அதாவது இவர்களுக்கு அண்ணன். மாறாக, அபுதாபி 2009இல் அமெரிக்க நிறுவனமான ஏஎம்டியின் சிப் ஆலைகளில் பணம் போட்டு குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற சிப் கம்பெனி உருவாக வழிசெய்தது. அபுதாபியிலும் ஒரு ஆலை வரும் என்றார்கள், வரவில்லை. சிப்புகள் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் சிங்கப்பூரிலும் நியூயார்க் மாநிலத்திலும்தான் தயாராகின்றன. முதலீடாக அது சரியோ தப்போ, அந்தக் கைப்பழக்கம் இந்த ஊருக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, இப்போது லைசென்ஸ். ஃப்ரீ ஜோனா (சுங்க எல்லைக்கு வெளியே என்று கருதப்படும் தனி வளாகம்) மெயின்லாண்டா (அமீரகத்தின் மற்ற பகுதி) என்பதை வாடகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், சரக்கு எங்கே போகப்போகிறது என்று பாருங்கள். ஃப்ரீ ஜோனில் செய்ததை உள்ளூரில் விற்றால் அது இறக்குமதி மாதிரிதான், பொதுவாக 5 சதவீத சுங்கம் விழும். சவூதிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், 2021 ஜூலையில் ஃப்ரீ ஜோன் சரக்குக்கு வளைகுடா சுங்கச் சலுகை கிடையாது என்று சவூதி விதியை மாற்றியது, இன்றைய நிலையை ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மெயின்லாண்டில் பெரும்பாலான தொழில்களுக்கு 2021 ஜூனிலிருந்து உள்ளூர்ப் பங்காளியிடம் 51 சதவீதம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொழிற்சாலை லைசென்ஸ் இருந்தால் இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சுங்க விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது ஐசிவி (இன்-கன்ட்ரி வேல்யூ) சான்றிதழ். நீங்கள் செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு நாட்டுக்குள்ளேயே தங்குகிறது என்பதற்கு மதிப்பெண். அபுதாபியின் அரசு எண்ணெய் நிறுவனமான அட்நாக் 2018இல் ஆரம்பித்தது, 2021இல் தேசியத் திட்டமாயிற்று. பெரிய டெண்டர்களில் இந்த மதிப்பெண்ணுக்கு நல்ல எடை. பொதுவாகத் தணிக்கை செய்த கணக்கு இல்லாமல் சான்றிதழ் கிடையாது, அதனால் முதல் வருஷத்திலிருந்தே ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பழைய பில்களைத் தேடியே ஒரு மாதம் போய்விடும்.

ஆட்கள்தான் பெரிய தலைவலி. இரண்டு வருஷ விசாவில் வந்த பையன் வேலை கற்றுக்கொண்ட சூட்டோடு கனடா போய்விடுவான். துபாயின் விண்வெளி மையம் இதைச் சமாளித்த விதத்தைப் பாருங்கள். தன் பொறியாளர்களைத் தென்கொரியாவுக்கு அனுப்பி அங்குள்ளவர்களோடு உட்கார்ந்தே துபாய்சாட்-1ஐச் செய்ய வைத்தது, அது 2009இல் ஏவப்பட்டது. 2013இல் துபாய்சாட்-2இல் அவர்கள் பங்கு கூடியது. 2018இல் ஏவிய கலீஃபாசாட்டை துபாயிலேயே தங்கள் ஆட்களை வைத்துக் கட்டினார்கள். மூன்று செயற்கைக்கோள், ஒன்பது வருஷம். நம்மிடம் அந்தப் பணம் இல்லை, ஆனால் வரிசை அதேதான். முதல் பேட்சை வெளியே செய்து வாங்குங்கள், உங்கள் ஆள் ஒருவர் அங்கே போய்ப் பக்கத்தில் நிற்கட்டும், இரண்டாவது பேட்சில் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் இங்கே நடக்கட்டும். கற்றதை ஒருவர் தலையில் மட்டும் விட்டுவைக்காமல் டெஸ்ட் செய்யும் முறையைப் படத்தோடு எழுதி வையுங்கள்.

விற்கும் முன் ஒரு முழுக் கோடை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணி வரை நேர் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே அந்த நேரத்தின் வெப்ப அளவையெல்லாம் கருவியே பதிவு செய்து வைக்க வேண்டும். முதல் பத்தில் இரண்டை விற்காமல் ஒன்றை மாடியிலும் ஒன்றை ஏசி அறையிலும் ஓடவிட்டு, செப்டம்பர் கடைசியில் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துத் திறங்கள். கேஸ்கெட்டையும் கேபிள் நுழையும் ஓட்டையையும் முதலில் பாருங்கள்.